நகராத மிளகு

கருக்கன்மேட்டுத் தொழிற்சாலையின் மருத்துவ அறைக்கு வெளியே அன்றைக்கு ஒரு புது வரிசை நின்றது. எல்லோரும் இருபதைத் தாண்டாத பெண்கள். புதுச் சீருடையின் மடிப்புகூட இன்னும் கலையவில்லை. இடக்கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் போலச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அமலோற்பவம் தன் கைக்குளிகையை நிரப்பிக்கொள்ள வந்திருந்தாள். பதினாறு வருடமாக அங்கே வேலை செய்பவள். வரிசையில் நிற்க வேண்டியதில்லை. உள்ளே போகப் போனவளை ஒரு பெண் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

“அக்கா, இது ரொம்ப வலிக்குமா?”

“எது?”

“கையில வைக்கப் போறாங்களே, அது.”

அமலோற்பவம் அவள் முகத்தைப் பார்த்தாள். “உனக்கு எதுக்கு அது? ஈரல்ல மிளகு இருக்குன்னு சொன்னாங்களா?”

“எனக்கு ஒண்ணுமில்லக்கா. சேர்ற அன்னிக்கே எல்லாருக்கும் வெச்சிடுவாங்களாம். புத்துநோயே வராதாம்.”

அந்த ஊரில் மிளகு என்றால் அஞ்சறைப் பெட்டிச் சாமான் மட்டுமில்லை. தொழிற்சாலையில் பிளாஸ்டிக் குழாய்க்கான வெள்ளைத் தூள் தயாரானது. தூள் வேகும் பெரிய இரும்புக் கலங்களைத் தொழிலாளர்கள் கொப்பரை என்பார்கள். ஒவ்வொரு வேக்காட்டுக்குப் பிறகும் உட்சுவரில் பிசின் மாதிரி ஒட்டியிருப்பதை யாராவது இறங்கிச் சுரண்ட வேண்டும். கொப்பரையின் வாய் குறுகல் என்பதால் ஒடிசலான பெண்களைத்தான் அந்த வேலைக்கு எடுத்தார்கள். உள்ளே மெல்லிய இனிப்பு வாசனை அடிக்கும். அந்த வாசனை வருடக்கணக்கில் உள்ளே போய் ஈரலில் கட்டியாக உட்காரும்.

முன்பெல்லாம் அப்படி உட்கார்ந்தது நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவி ஆளைக் கொண்டுபோய்விடும். பிறகு கைக்குளிகை வந்தது. மேற்கையில் தோலுக்கடியில் ஒரு சின்னக் குழல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் மருந்து நிரப்பினால் போதும், ஈரலில் இருப்பது மிளகளவிலேயே நின்றுவிடும். வளராது, நகராது. அமலோற்பவத்துக்கு மூன்று மிளகு. ஆறு வருடமாக மூன்றும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. கொப்பரைப் பெண்கள் தங்களுக்குள் “உனக்கு எத்தனை?” என்று கேட்டுக்கொள்வது, பிள்ளைகள் எத்தனை என்று கேட்பது போல ஆகிவிட்டிருந்தது.

உள்ளே டாக்டர் நப்பின்னை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். முப்பத்துமூன்று வயது. இந்த மருந்தைக் கண்டுபிடித்த ஆய்வுக்கூடத்தில் படித்து, அந்த ஆய்விலும் பங்கெடுத்தவள் என்பதால்தான் நிர்வாகம் அவளைத் தேடிப் பிடித்து இங்கே அமர்த்தியிருந்தது.

“உக்காருங்கக்கா.”

“வெளியில நிக்கிற புள்ளைங்களுக்கு எதுக்கு டாக்டரம்மா குளிகை? அதுங்களுக்கு ஒண்ணும் இல்லையே.”

நப்பின்னை நிமிரவில்லை. “முன்னெச்சரிக்கைன்னு சொல்றாங்க.”

“யாரு சொல்றாங்க?”

“மேல.” ஊசியைத் தட்டில் வைத்தாள். “அடுத்த மாசத்துலேர்ந்து கொப்பரைக்கு வெளிக்காத்து ஊதுற ரெண்டு விசிறியையும் நிறுத்தப் போறாங்கக்கா. தானாக் கழுவுற மிஷின் வருதுன்னு மூணு வருஷமா சொன்னாங்களே, அதுவும் வராது. கட்டி வந்தாலும் நகரப் போறதில்ல, அப்புறம் எதுக்கு வீண் செலவுன்னு முடிவாயிடுச்சு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வேண்டாம்னு சொன்னேன். கேக்கல.”

அமலோற்பவம் சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டாள்.

“அக்கா, நிரப்பிட்டுப் போங்க. உள்ள இருக்கிற மருந்து இன்னியோட தீருது.”

“தீரட்டும்.”

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணின் முன்னால் நின்றாள். “ஊசி வலிக்காதும்மா. எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும். ஆனா எல்லாத்தையும் கேட்டுட்டுக் கையை நீட்டு” என்றாள். அதற்குள் காவலாளி அதட்டினான்.

*

சாயங்காலம் நப்பின்னை அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அமலோற்பவத்தின் கணவன் சவரிநாதன் அப்போதுதான் ஐஸ் கம்பெனி வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். டாக்டரை வீட்டு வாசலில் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

“அண்ணே, அக்கா இன்னிக்கு மருந்து போட்டுக்கல. நீங்கதான் சொல்லணும்.”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் மீனை அலசிக்கொண்டே, “மொதல்ல அந்த மருந்து என்ன பண்ணுதுன்னு அவருக்குச் சொல்லுங்க” என்றாள்.

நப்பின்னை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிசா ஒரு தோல் இருக்குண்ணே. அந்தத் தோல்ல நெறையப் புரதங்க செருகியிருக்கும். அதுல ஒண்ணுக்கு நாங்க கொழுகொம்புன்னு பேர் வெச்சோம். ஈரல் கட்டியில அது எக்கச்சக்கமா முளைச்சிருக்கும். ரெண்டு வேலை பண்ணும். கட்டியிலேர்ந்து செல்லைக் கழட்டி வெளியூருக்கு அனுப்பும். பக்கத்து ரத்தக்குழாயைக் கூப்பிட்டுக் கட்டிமேல படரவிடும். ரத்தம் வந்தாத்தானே கட்டிக்குச் சாப்பாடு? குளிகை மருந்து அந்தக் கொம்பைப் போய் மூடிக்குது. கொம்பில்லாம கொடி ஏறாது.”

“அப்ப நல்ல மருந்துதானேம்மா?”

“நல்ல மருந்துதான். ஆனா புண்ணு ஆறவும் அதே கொம்புதான் வேணும். வயித்துல கரு தங்கவும் அதுதான் வேணும். புதுசா ரத்தக்குழாய் முளைக்கிற எடத்துல எல்லாம் அதுக்கு வேலை இருக்கு. மருந்துக்கு எது கட்டி, எது காயம்னு தெரியாது.”

சவரிநாதன் மனைவியின் காலைப் பார்த்தான். குளிகை வைத்த பிறகு அமலோற்பவத்துக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. உடம்பு வாகு என்று ஊரில் சொன்னார்கள். அவர்களும் அப்படியே நம்பியிருந்தார்கள். அவள் முழங்காலுக்குக் கீழே இரும்புப்படி இடித்த புண் நாலு வருடமாக ஆறாமல் துணிக்கட்டோடு இருந்தது.

“இத எங்ககிட்ட அப்பவே ஏன் சொல்லல?” என்று கேட்டான்.

“நான் வந்தே ஒண்ணரை வருஷம்தாண்ணே ஆகுது.” அவள் குரல் தாழ்ந்தது. “வந்த பிறகாவது சொல்லியிருக்கணும்.”

அமலோற்பவம் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். “மருந்த நிறுத்தினா என்ன ஆகும்?”

“ஒண்ணரை மாசத்துல கொம்பு திரும்பத் தலைதூக்கும். அப்புறம் எந்த மிளகு எப்ப நகரும்னு யாராலயும் சொல்ல முடியாது. நகராமலும் போகலாம்.”

“நகர்ந்தா? சட்டப்படி அது நோய்தானே?”

நப்பின்னை அவளை நிமிர்ந்து பார்த்தாள். நகராத கட்டி நோயாகாது என்று தொழில் தீர்ப்பாயம் எப்போதோ சொல்லிவிட்டிருந்தது. அதனால் மிளகுக்காரர்களுக்கு விடுப்பு கிடையாது, இழப்பீடு கிடையாது. மருந்தும் தொழிற்சாலை வேலிக்குள் மட்டும்தான். வேலையை விட்டால் மருந்து போய்விடும். மூன்று மாதத்துக்கு மேல் யாரும் அந்த ஊரைவிட்டு வெளியே தங்கியதில்லை.

“ஆமா. நகர்ந்தா நோய். கம்பெனிதான் பொறுப்பு.”

“அப்ப நகரட்டும்.”

சவரிநாதன் எழுந்தான். “நீ செத்து ஜெயிச்சு எனக்கு என்னா ஆகப்போவுது?”

“செத்துப் போவேன்னு யாரு சொன்னா? போன வருஷம் உங்கம்மா கெடையில கெடந்தாங்களே, ராமநாதபுரத்துல போய் ஒரு நாலு மாசம் கூட இருந்து பார்க்க முடிஞ்சுதா என்னால? ஊசி போடணும்னு ஓடியாந்தேன். அவங்க முகத்தக்கூடக் கடைசியா பாக்கல. இப்ப அந்தப் புள்ளைங்களையும் கையில கட்டிப்போடப் பாக்குறான். ஒண்ணும் இல்லாத புள்ளைங்கள.”

அவன் வெளியே போய்விட்டான். டாக்டர் கிளம்பிப்போய் வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தவன், சோற்றைப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். “நீ முடிவு பண்ணா மாத்த மாட்டே. எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னான்.

*

அந்த வாரமே நாலு பேர் மருந்தை மறுத்தார்கள். மாதம் முடிவதற்குள், நிரப்பும் முறை வந்த கொப்பரைப் பெண்களில் பாதிக்கு மேல் மறுத்துவிட்டார்கள். யாரும் கொடி பிடிக்கவில்லை, வேலையையும் நிறுத்தவில்லை. நிரப்பும் முறை வரும்போது மருத்துவ அறை வாசல்வரை போவார்கள். சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். புதுப் பெண்கள் சிலரும் கையை நீட்ட மறுத்தார்கள். அவர்களை மட்டும் நிர்வாகம் உடனே வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

மேலாளர் புருஷோத்தமன் அமலோற்பவத்தைக் கூப்பிட்டனுப்பினார். கத்துகிற ஆள் இல்லை. தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்தார்.

“ஏம்மா, பட்டினிப் போராட்டம் பண்றவன் எந்த நேரமும் சாப்பிட்டுக்கலாம். இது அப்படி இல்ல. நகர்ந்தது திரும்ப வராது. தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“உனக்கு என்ன வேணும், சொல்லு. கொப்பரையிலேர்ந்து மாத்திப் பேக்கிங்ல போடறேன்.”

“விசிறி ஓடணும். கழுவுற மிஷின் வரணும். நல்லா இருக்கிற புள்ளைங்க கையில குளிகை வைக்கக்கூடாது. உக்காந்திருந்தாலும் நோய் நோய்தான்னு கம்பெனி ஒத்துக்கணும். வேலி தாண்டியும் எங்களுக்கு மருந்து கெடைக்கணும்.”

“இதெல்லாம் என் கையில இல்லம்மா.”

“மருந்து எங்க கையிலதான் சார் இருக்கு” என்று அவள் மேற்கையைத் தொட்டுக் காட்டினாள். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

இரண்டாம் மாதம் ஒரு விந்தை நடந்தது. அமலோற்பவத்துக்குப் பசித்தது. வருடக்கணக்கில் மறந்துபோயிருந்த பசி. ஒரு தட்டு சோறு போதாமல் இன்னொரு முறை போட்டுக்கொண்டாள். கால் புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். மூடியிருந்தது. சவரிநாதன் மண்டியிட்டு அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். “நல்லாயிட்டுதே” என்று குழந்தை மாதிரிச் சொன்னான். அன்றைக்கு இருவரும் கடற்கரையில் வெகுதூரம் நடந்தார்கள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

மற்ற பெண்களும் இதையே சொன்னார்கள். முகத்தில் களை வந்துவிட்டது, முடி கொட்டுவது நின்றுவிட்டது, கால் குத்தல் போய்விட்டது. மருந்துதான் நோயே என்றுகூடச் சிலர் பேச ஆரம்பித்தார்கள். நப்பின்னை அவர்களை உட்காரவைத்துச் சொன்னாள்:

“அப்படி மட்டும் நெனைக்காதீங்க. உடம்புல கொடி திரும்பப் படருது. புண்ணுலயும் படருது, மிளகுலயும் படருது. ரெண்டும் ஒரே நேரத்துலதான் நடக்கும். நல்லா இருக்குன்னு தோணறதே எனக்குப் பயமா இருக்கு.”

“பயப்படாதீங்க டாக்டரம்மா. தெரிஞ்சேதான் இருக்கோம்” என்றாள் அம்சவேணி. கொப்பரைப் பெண்களில் மூத்தவள், வாய்த்துடுக்கு அதிகம். “ஆறு வருசம் கழிச்சு மொதமொதல்ல எம்புருசனோட சண்டை போடத் தெம்பு வந்திருக்கு. அத அனுபவிச்சுக்கறேன் கொஞ்சம்.”

முதலில் நகர்ந்தது அவளுடைய மிளகுதான்.

இருமலில் ஆரம்பித்தது. நிர்வாகத்துக்குத் தெரிந்ததும் அன்றே குளிரூட்டிய கார் ஒன்று அவள் வீட்டு முன்னால் வந்து நின்றது. சென்னையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரி, எல்லாம் எங்கள் பொறுப்பு, வெளியில் மட்டும் சொல்ல வேண்டாம் என்றார்கள். அம்சவேணி காரைச் சுற்றி வந்து பார்த்தாள். “வண்டி நல்லாத்தான் இருக்கு. நான் பஸ்ஸுலயே போய்க்கறேன்” என்றாள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பொது வார்டில், யார் வந்து கேட்டாலும், எந்தக் கொப்பரையில் எத்தனை வருடம் இறங்கினேன் என்று உரக்கச் சொன்னாள். பேச முடிந்தவரை சொன்னாள்.

அமலோற்பவம் கடைசி நாட்களில் அவளுடன்தான் இருந்தாள். “எனக்காக நீங்க...” என்று ஒருமுறை ஆரம்பித்தபோது அம்சவேணி கையை உயர்த்தித் தடுத்தாள்.

“உனக்காக ஒண்ணும் பண்ணலடி. என் கை, என் சட்டை, நான்தான் இறக்கிவிட்டேன். அத நீ எடுத்துக்காத.”

அவள் உடலை ஊருக்குக் கொண்டுவந்தபோது வண்டியைத் தொழிற்சாலை வாசலில் நிறுத்தினார்கள். வேலையில் இருந்த பெண்கள் சீருடையோடு வெளியே வந்து நின்றார்கள். போலீஸ் வந்தது, என்ன செய்வது என்று தெரியாமல் அதுவும் நின்றது. அப்போது நப்பின்னை மருத்துவ அறையைப் பூட்டிவிட்டு வாசலுக்கு வந்தாள். அங்கே காத்திருந்த தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பேச்சு சரளமாக வரவில்லை.

“இந்த மருந்தக் கண்டுபிடிச்சவங்கள்ல நானும் ஒருத்தி. நகர்ற கட்டியை நிறுத்தக் கண்டுபிடிச்சோம். கட்டி வர்ற காத்த அப்படியே விட்டுவைக்கக் கண்டுபிடிக்கல. நல்லா இருக்கிற பொண்ணுங்களுக்கு வைக்கச் சொன்னாங்க. நானும் வெச்சேன். இருபத்திரண்டு பேருக்கு. இனிமே வைக்க மாட்டேன். அவ்வளவுதான்.”

*

ஆணை வர மழைக்காலம் முடிந்துவிட்டது. உட்கார்ந்திருந்தாலும் நகர்ந்தாலும் கட்டி நோயே என்று அரசு அறிவித்தது. குளிகை மருந்து எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும். நோயில்லாதவர் கையில் அதை வைத்தால் சிறை. கொப்பரைக்குள் இனி மனிதர் இறங்கக்கூடாது.

ஊரில் வெடி வெடித்தார்கள். அடுத்த மாதம் தொழிற்சாலை மூடப்பட்டது.

மிஷின் வாங்குவதைவிட மூடுவது லாபம் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். மிளகுக்காரர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. மற்றவர்களுக்கு, பேக்கிங்கில் இருந்தவர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் டீக்கடை வைத்திருந்தவர்களுக்கும் ஒன்றும் வரவில்லை. சந்தையில் ஒருவன் அமலோற்பவத்தைப் பார்த்துக் காறித் துப்பினான். அவன் தம்பி லாரி ஓட்டியவன் என்று அவளுக்குத் தெரியும். கடந்து வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

நப்பின்னைக்கு இப்போது அரசு ஆஸ்பத்திரியில் தற்காலிக வேலை. அவள்தான் அமலோற்பவத்தின் ஸ்கேனைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

“மூணுல ஒண்ணு நகர்ந்திருக்குக்கா. வலது நுரையீரல்ல. கடுகு மாதிரி.”

“சரி.”

“குளிகையை நிரப்பிட்டேன். அது அங்கயே நின்னுடும்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறீங்க.”

“ஆமாக்கா. நெனைக்கத்தான் முடியும்.”

அமலோற்பவம் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். “கம்பெனி எங்க போவுதுன்னு ஏதாவது தெரிஞ்சுதா?”

நப்பின்னை தயங்கினாள். “தெக்க. செங்கழிமுனைன்னு ஒரு கடற்கரை ஊர். வேற பேருல. அங்க கொப்பரை மாதிரியே இருக்காது, பேரை மாத்தி, வாயைக் கொஞ்சம் அகலமாக்கி, இது கலம் இல்ல அறைன்னு சொல்லப் போறாங்களாம். அறைக்குள்ள மனுஷர் போகலாமே. மருந்தும் ஊசியாப் போட்டா அது குளிகை இல்லையாம். வக்கீல் வெச்சு யோசிச்சிருக்காங்க.”

“ஆள் எடுக்குறாங்களா?”

“வர்ற திங்கக்கெழமை.”

வீட்டில் சவரிநாதன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பையில் இரண்டு சேலையும் தன் வேட்டியும் எடுத்து வைத்தான். அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். “ஐஸ் கம்பெனி எல்லா ஊருலயும் இருக்கும்” என்றான்.

செங்கழிமுனையில் ஆள் எடுக்கும் இடம் ஒரு பள்ளிக்கூட மைதானம். பெண்கள் காலையிலேயே வந்து வேப்பமரத்து நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அமலோற்பவம் கடைசியில் போய் உட்கார்ந்தாள். முன்னால் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

“எந்தூருக்கா நீங்க? வேலைக்கா வந்திருக்கீய?”

“கடலூர்ப் பக்கம். ஆமா, வேலையாத்தான் வந்திருக்கேன்.”

“அம்புட்டுத் தூரத்துலேருந்தா? சம்பளம் நல்லாக் குடுப்பாவளாம்லா. ஊசியும் போடுவாவளாம். போட்டா புத்துநோயே வராதாம்.”

“வரும்” என்றாள் அமலோற்பவம். “வந்து உள்ள உக்காரும். நகராம உக்காந்திருக்கும், அவ்வளவுதான். எனக்கு மூணு. மருந்த நிறுத்தினப்ப அதுல ஒண்ணு நகர்ந்துடுச்சு.” சட்டைக் கையைச் சுருட்டிக் குளிகை இருந்த இடத்தைக் காட்டினாள்.

அந்தப் பெண் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளும் நகர்ந்து வந்தாள். இன்னும் இரண்டு தலைகள் திரும்பின. காலணிச் சத்தத்தோடு மேற்பார்வையாளன் ஒருவன் வந்தான்.

“என்னம்மா அங்க பேச்சு? நீ புதுசா? முன்னால எங்கயாவது வேலை பார்த்திருக்கியா?”

“பதினாறு வருஷம். இதே வேலைதான். உள்ள எறங்கிச் சுரண்டுறது.”

அவன் முகம் மலர்ந்தது. “அனுபவம் உள்ள ஆளா? அப்ப ஏன் கடைசியில உக்காந்திருக்கீங்க? வாங்க, முன்னால வாங்க. ஐயா பார்த்தா உடனே எடுத்துக்குவாரு.”

“இருக்கட்டும் தம்பி” என்றாள் அவள். “இங்க கடைசியிலேர்ந்தே ஒவ்வொருத்தரா பேசிக்கிட்டு வர்றேன். உங்க ஐயா அங்கயே இருக்கட்டும்.”